எந்த இடத்தில்?

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஓராண்டாக நாங்கள் ஏழு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி ஒருத்தியின் வீட்டு மொட்டைமாடியில் கூடி, அந்த மாதம் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். ஆரம்பத்தில் நன்றாகப் போனது. இப்போது ஒருவர் முழுக் கதையையும் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. இன்னொருவர் எந்தப் புத்தகமானாலும் "செம" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார். மற்றொருவர் யாரோ எழுதிய மதிப்புரையைச் செல்போனில் பார்த்து வாசிக்கிறார். போன மாதம் தோழி கொடுத்த நாவலைப் படித்துவிட்டு, நடுப்பகுதி இழுவை என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. இரண்டு வாரமாக என் போனை எடுப்பதில்லை. "பிடிக்கலேன்னா பேசாம இருந்திருக்கலாம்ல" என்கிறாள் இன்னொருத்தி. நான் இலக்கியம் படித்தவள் இல்லை. புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா? சொல்வதென்றால் எப்படிச் சொல்வது?

(பெயர் வேண்டாம்)
மேலூர்

அன்புள்ள டீச்சர்,

கல்யாணம், காதுகுத்து, சீட்டுக் கட்டு எதுவும் இல்லாமல் ஏழு பேர் மாதாமாதம் கூடுகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. டீ ஆறினால் சுடவைத்துக்கொள்ளலாம்.

முதலில் தகுதி. மதுரைச் சீமைக்காரரிடம் இதற்குப் பழைய கதை ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். இறையனார் அகப்பொருள் என்ற பழைய காதல் இலக்கண நூலுக்கு எழுதிய உரையின் தொடக்கத்தில் வருவது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷம் பஞ்சம். புலவர்களெல்லாம் பிழைக்கப் போய்விடுகிறார்கள். மழை பெய்து நாடு நாடானதும் அரசன் ஆளனுப்பித் தேடுகிறான். எழுத்து, சொல், யாப்பு தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம், அதாவது பாட்டில் சொல்லும் பொருளைப் பற்றிய இலக்கணம், தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அரசன் கலங்கிப்போக, ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்தின் அடியில் போட்டுவிடுகிறார். அதற்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை செய்கிறார்கள். எது மெய்யுரை என்று தகராறு. (அப்போதுமா என்று கேட்காதீர்கள்.)

தீர்த்துவைக்க வந்து உட்கார்ந்தவன் உருத்திரசன்மன். வயது ஐந்து. வாய் பேசாத பிள்ளை. உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கவே யோசித்திருப்பீர்கள். புலவர்கள் வரிசையாகத் தங்கள் உரையைச் சொல்லச் சொல்ல, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறான். மருதன் இளநாகனார் சொல்லும்போது சில இடங்களில் கண்ணீர் விடுகிறான், மயிர் சிலிர்க்கிறது. நக்கீரர் சொல்லும்போது பதத்துக்குப் பதம் கண்ணீர். அவர் உரையே மெய்யுரை என்று முடிவாகிறது.

நடந்த கதையா, கட்டிய கதையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு இதில் பிடித்தது ஒரு சொல். இளநாகனார் உரைக்கு அவன் 'ஒரோவழி' கண்ணீர் வடித்தான் என்கிறது பழைய உரை. ஒரோவழி என்றால் அங்கங்கே. நல்ல உரை, மோசமான உரை, மூன்று நட்சத்திரம் என்றெல்லாம் அந்தப் பிள்ளை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எந்த இடத்தில் என்பதை மட்டும் காட்டினான். அத்தனை பெரிய சபைக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் அந்தப் பிள்ளையை மறந்துவிட்டு, நெற்றிக்கண்ணைக் காட்டினாலும் குற்றம் குற்றமே என்ற நக்கீரரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். புத்தகக் கூட்டம் என்றால் ஆளுக்கொரு நக்கீரர். ஆனால் அந்தக் கதையிலும் அவர் மொத்தப் பாட்டையும் குப்பை என்று தள்ளவில்லையே? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற அந்த ஒரு கருத்தில் விரலை வைத்தார். அதற்குத்தான் பொற்றாமரைக் குளத்தில் விழ வேண்டிவந்தது.

அதனால் டீச்சர், தகுதி என்று ஒன்று இருந்தால் அது புத்தகத்தைப் படித்திருப்பதுதான். சிரிக்காதீர்கள், அனுபவித்துச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் மதுரையில் ஒரு புத்தக வெளியீட்டில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பாதிதான் படித்திருந்தேன். ஆனாலும் இருபது நிமிஷம் பேசினேன். 'மண்வாசனை' என்று நான்கு முறை சொல்லியிருப்பேன். நல்ல கைதட்டல். கூட்டம் முடிந்ததும் அதை எழுதியவர் சந்தோஷமாக வந்து என் கையிலிருந்த பிரதியை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் சும்மா புரட்டினார். அச்சகத்தில் விளிம்பு சரியாக வெட்டுப்படாத பிரதி அது. தொண்ணூற்றாறாம் பக்கத்துக்குமேல் தாள்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் ஓரத்தாலேயே ஒட்டியிருந்த இரண்டு தாள்களைப் பொறுமையாகப் பிரித்து, என்னிடம் நீட்டினார். இன்றைக்கும் அந்தப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. முழுக்கப் படித்துவிட்டேன். பின்பாதிதான் நல்ல பகுதி.

உங்கள் 'செம' நண்பரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ஏதோ ஓர் இடத்தில் உண்மையிலேயே செமையாக இருந்திருக்கும், எந்த இடம் என்று யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். அடுத்த முறை கேட்டுப்பாருங்கள். கதை முழுவதையும் சொல்பவரிடமும் அதே கேள்விதான். செல்போன்காரரை மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் ஒருகாலத்தில் நிறைய எடுத்துப் படித்திருக்கிறேன். நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாதுதான். ஆனாலும் ஓரங்களில் பென்சில் கிறுக்கல் இருக்கும், அதைப் படிப்பதற்கென்றே சில புத்தகங்களை மறுபடி எடுப்பேன். ஒரு நாவலில் கதாநாயகன் மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி, ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குப் போவான். ஓரத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: "எதுத்தாப்ல டவுன்ஹால் ரோடு இருக்கும்போது இவன் ஏன் சுத்துறான்?" அதன் கீழே வேறொரு கையெழுத்து: "யோசிச்சிக்கிட்டே போறான்யா, விடு." அந்த நாவலைப் பற்றி எத்தனையோ மதிப்புரை வந்திருக்கும். எனக்கு நினைவிருப்பது இந்த இரண்டு வரிதான்.

எங்கள் புத்தகக் கூட்டம் காந்தி மியூசியத்து மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து ஒருவர் வருவார். வீட்டில் காளை வளர்ப்பவர். அதிகம் பேச மாட்டார். சி.சு. செல்லப்பாவின் ஜல்லிக்கட்டுக் கதையான 'வாடிவாசல்' படித்துவிட்டு வருவது என்று ஒரு மாதம் ஏற்பாடு. வந்தவர்களில் ஒருவர் குறியீடு என்றார், ஒருவர் அதிகாரம் என்றார், நான் ஜமீன் கௌரவம் என்று ஏதோ நீட்டி முழக்கினேன். அவர் முறை வந்தது.

"ஜமீன்தாரு காளையப் பாத்துத் துப்பாக்கியத் தூக்குன எடத்துல புத்தகத்தக் கவுத்து வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். கொட்டத்துக்குப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். ராத்திரி பூரா அந்தப் பக்கமே போகல. மிச்சம் கொஞ்சந்தான், அத மறுநா காலையிலதான் படிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். (முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். 1959இல் வந்த புத்தகம்.) அன்று இரவு எடுத்து மறுபடி படித்தேன். முதல் முறை படிக்கும்போது என் கண் முழுக்க மாடு அணைய வந்த பிச்சி மேலும் ஜமீன்தார் மேலும் இருந்தது. காரி எனக்கு ஒரு காளை, கதைக்கு வேண்டிய காளை. இந்த முறை துப்பாக்கி வருமுன்பே எனக்கு அந்தக் கொட்டமும் தண்ணித் தொட்டியும் தெரிய ஆரம்பித்துவிட்டன. அவர் அபிப்பிராயம் என்று எதையும் சொல்லவில்லை. எழுந்து போன இடத்தைச் சொன்னார்.

பிடிக்காததைச் சொல்வதும் இப்படித்தான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக்கொண்ட மாதம் ஓர் இளைஞர், "அம்பது பக்கத்துக்குமேல ஓடல சார்" என்றார். சிலர் முறைத்தார்கள். மதுரையில் உட்கார்ந்துகொண்டு சிங்காரத்தை ஓடவில்லை என்றால் முறைக்கத்தான் செய்வார்கள். நான் எந்த இடத்தில் நின்றது என்று கேட்டேன். புத்தகத்தைத் திறந்து காட்டினார். கடல் கடந்து போன தமிழர்களின் வட்டிக்கடைப் பேச்சு வரும் இடம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், மலாய்ச் சொற்கள், ஒன்றும் பிடிபடவில்லை என்றார். நியாயந்தானே?

அப்போது சிவகங்கைப் பக்கத்து அம்மா ஒருவர், "எங்க அய்யா பெட்டியடிப் பையனாத்தான் பினாங்குக்குக் கப்பலேறுனாக" என்று ஆரம்பித்தார். கடையில் கீழ்ப்படியில் இருக்கும் பையனின் வேலை, கணக்கு எழுதக் கற்றுக்கொள்வது, மேலாளுக்குப் பயந்து நடப்பது, ஊருக்கு வரும்போது கொண்டுவந்த தகரப்பெட்டி. முக்கால் மணி நேரம். அந்த இளைஞர் வீட்டுக்குப் போய் ஐம்பத்தோராம் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். அடுத்த மாதம் வந்து, "முடிச்சுட்டேன், ஆனா நடுவுல தத்துவம் பேசுற எடம் இப்பவும் ஓடல" என்றார். அவர் 'அருமை' என்று பொய் சொல்லியிருந்தால் அந்த அம்மா வாயைத் திறந்திருக்கவே மாட்டார்.

சிங்காரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சிங்கம்புணரிக்காரர். இளம் வயதில் இந்தோனேசியாவுக்குப் போய், உலகப் போருக்குப் பின் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தபோது பெரிதாக யாரும் பேசவில்லை. 1997இல் அவர் காலமானார். ஒருவர் படித்து இன்னொருவரிடம், அவர் மற்றொருவரிடம் என்று வாய்வழியாகச் சொல்லிச் சொல்லித்தான் அது இன்றைய இடத்துக்கு வந்தது. எழுதியவர் இதே ஊரில், யார் கண்ணிலும் அதிகம் படாமல் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வருஷங்களில் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ. உங்கள் இன்னொரு தோழி "பேசாம இருந்திருக்கலாம்ல" என்றாரே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, போன் எடுக்காத தோழிக்கு வருவோம். நீங்கள் சொன்னதில் தப்பில்லை, சொன்ன விதத்தில் கொஞ்சம் அவசரம். ஒருவர் தன் கையால் புத்தகம் கொடுக்கிறார் என்றால் வீட்டில் இலை போட்டமாதிரி. பாயசத்தை ஒதுக்கிவைக்கலாம், ஆனால் "இழுவை" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னால் பரிமாறியவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். போனில் கூப்பிடுவதை விடுங்கள். நாவலை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எங்கே உங்களுக்கு நின்றதோ அந்தப் பக்கத்தைத் திறந்து, பத்து வரி வாய்விட்டு வாசியுங்கள். அப்புறம் அவருக்கு எங்கே பிடித்தது என்று கேளுங்கள். அவர் காட்டும் இடம் நீங்கள் இழுவை என்று சொன்ன அதே பக்கங்களாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

மொட்டைமாடிக்கு ஒரு யோசனை. எங்களோடு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா டவுன் பஸ்ஸிலேயே படிப்பவர். பெண்களுக்குக் கொடுக்கிற கட்டணமில்லா டிக்கெட்டை, நின்ற இடத்திலெல்லாம் ஒன்று என்று செருகிவைத்திருப்பார். கூட்டத்தில் புத்தகத்தைத் திறந்தால் டிக்கெட்டாகக் கொட்டும். பொறுக்கிக்கொண்டே, "அய்யோ, இது எந்த எடத்துல வச்சேன்?" என்று தேடுவார். நாங்களும் சேர்ந்து தேடுவோம். அந்தத் தேடலிலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடும். நீங்களும் பஸ்ஸில்தானே பள்ளிக்கூடத்துக்குப் போகிறீர்கள்?

நாவலின் பெயரையும் எழுதியிருந்தீர்கள், தோழிக்காக இங்கே எடுத்துவிட்டேன். நானும் படித்திருக்கிறேன். எனக்கு நடுப்பகுதி நன்றாகவே ஓடியது. இழுத்தது கடைசி நாற்பது பக்கம், குறிப்பாக அந்த ஆஸ்பத்திரிக் காட்சி. தமுக்கத்தில் அடுத்த புத்தகத் திருவிழா நடக்கும்போது தோழியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். பக்கத்தைக் காட்டுகிறேன்.

அன்புடன்.