அம்மாவின் பயணத்தைப் பதிந்துவைக்க எந்தக் கமெரா?

கேள்வி: எங்களுக்கு வெள்ளவத்தை. 74 வயதான அம்மாவை நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அப்படியே திருகோணமலை, பிறகு ரயிலில் மலைநாட்டு ஊரான எல்ல வரைக்கும். அம்மா வழி நெடுகப் பழைய கதை சொல்லிக்கொண்டு வருவா. அதைப் பதிந்துவைக்க ஒரு சிறிய வீடியோ கமெரா வேண்டும். கோயிலிலும் ரயிலிலும் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. கடையில் லென்ஸ் மாற்றும் கமெராவைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். கனடாவிலிருந்து வரும் அக்கா, அங்கேயே வாங்கி வரட்டுமா என்று கேட்கிறா. என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் காட்டியது நல்ல சாமான்தான். கலியாண வீடு எடுக்கிறவருக்கு அது வேண்டும், உங்களுக்கு வேண்டாம். ஒரு கையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை இயக்க ஏலாது. இன்னொரு காரணமும் உண்டு. பெரிய லென்ஸை முகத்துக்கு நேரே நீட்டினால் வயதானவர்கள் கதையை நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவார்கள். வீடியோ கமெரா திருத்தும் வேலையில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். என்னிடம் வரும் குடும்பப் பதிவுகளில் பாதி இப்படித்தான்: அம்மா நேராக நிமிர்ந்து இருப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார்.

உங்களுக்கு ஏற்றது கைப்பிடியோடு சேர்ந்த, சட்டைப்பைக்குள் அடங்கும் வகை. டிஜேஐ நிறுவனத்தின் ஒஸ்மோ பொக்கெட் 3 அப்படிப்பட்டது. 2023 ஒக்டோபரில் வந்தது, நிறை 179 கிராம். அதன் தலைப்பகுதி தானாக அசைந்து உங்கள் கை நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சர் ஒரு அங்குல வகை. விளக்கு வைக்கிற நேரத்து மங்கலிலும் முகம் தெரியவேண்டுமென்றால் அது பெரிதாக இருக்க வேண்டும். மெகாபிக்சல் கணக்கைப் பார்க்காதீர்கள், சென்சரின் அளவைக் கேளுங்கள். சோனி இசட்வி-1 சென்சரும் அதே அளவுதான், கொஞ்சம் சூம் உண்டு. ஆனால் நடந்துகொண்டு எடுக்கும்போது பொக்கெட் அளவுக்கு நிதானம் இல்லை. கோப்ரோ என்ற சின்ன, உறுதியான கமெரா கடலுக்கும் சைக்கிளுக்கும் நல்லது, மாலை மங்கலில் சோர்ந்துவிடும். தூரத்துப் பறவை எடுக்கப் போவதில்லை என்பதால் பெரிய சூம் உள்ள ஹண்டிகாம் என்ற கைவீடியோ கமெராவை விட்டுவிடலாம். ட்ரோன் பற்றி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள், அதற்கு அரச அனுமதி எடுக்க அலைய வேண்டும்.

நல்ல போன் கையில் இருந்தால் அதுவே முக்கால் பங்கு வேலையைச் செய்யும். ஆனால் கதையின் நடுவில் யாராவது அழைத்தால் பதிவு நின்றுவிடக்கூடும்.

எந்தக் கமெரா எடுத்தாலும் சட்டையில் குத்தும் சின்ன வயர்லெஸ் மைக் ஒன்று சேர்த்து வாங்குங்கள். உங்களுக்கு வேண்டியது அம்மாவின் குரல். கோணேசர் கோயில் மலையில் அடிக்கிற கடல் காற்றில், மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போடாவிட்டால் கடைசியில் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும்.

இப்போது நான் எல்லோரிடமும் தலையில் அடித்துச் சொல்கிற விடயத்துக்கு வருகிறேன். கமெராவோடு இலவசமாகத் தரும் மெமரி காட்டை நம்பாதீர்கள்.

போன வருடம் ஒரு பெரியவர் காசிக்குப் போய்வந்து என்னிடம் ஒரு காட்டைக் கொண்டுவந்தார். மேலே 128 ஜிபி என்று அழகாக அச்சடித்திருந்தது. கணினியில் போட்டேன். கோப்புகள் வரிசையாக இருக்கின்றன, பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. முதல் நாள் காலை எடுத்தவை ஓடின. அதற்குப் பிறகு எதைத் திறந்தாலும் கறுப்பு. சோதித்துப் பார்த்தேன், உண்மையான கொள்ளளவு 8 ஜிபி. "கங்கையில் ஆரத்தி எடுத்தேனே தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அழிந்ததை மீட்கலாம், எழுதப்படவே இல்லாததை எப்படி மீட்பது? அந்தக் காட் கமெராவோடு அன்பளிப்பாக வந்ததாம்.

போலிக் காட்டுக்குள் இருக்கும் சில்லு, தன்னை 128 ஜிபி என்று கமெராவிடம் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். இடம் முடிந்த பிறகும் "எழுதிவிட்டேன்" என்றே சொல்லும், கமெராவும் நம்பும். ஊருக்குத் திரும்பி வந்துதான் உங்களுக்குத் தெரியவரும். அதனால் காட்டைத் தனியாக, பில்லோடு, பெயருள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள். வி30 என்ற குறி இருக்க வேண்டும். செக்கனுக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்பதே அதன் பொருள். வீட்டுக்கு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியைக் கணினியில் போட்டுக் காட்டை முழுவதும் நிரப்பிச் சோதியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், ஓடட்டும். 4கே என்ற மிகத் தெளிவான வீடியோவை நல்ல தரத்தில் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி வரை போகும். 128 ஜிபி காட்டில் இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பிடிக்கலாம். ஆகவே இரண்டு காட் வாங்குங்கள்.

அடுத்தது பில். "பில் இல்லாமல் எடுத்தால் வற் வரி 18 வீதம் மிச்சம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பில் இல்லாதவருக்குப் பிறகு நியாயம் கேட்பது பெரும்பாடு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் கையில் காட்டக் காகிதம் வேண்டும். பில்லில் கமெராவின் தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்கட்டும். வரண்டி இறக்குமதி முகவருடையதா, கடையுடையதா என்று கேளுங்கள். கடை வரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும் வரைதான். சிங்களமும் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதிவைத்த நாட்டில் வரண்டி அட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஆங்கில எழுத்தில் வருகிறது. இதைத் தட்டிக் கேட்க இத்தனை வருடத்தில் ஒருவருமில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபம்.

புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டியிலும் நேர்மையான கடைகள் எத்தனையோ உண்டு. வாசலில் நின்று "வாங்க, எனக்குத் தெரிந்த இடத்தில் குறைத்து எடுத்துத் தருகிறேன்" என்று கூட்டிக்கொண்டு போகிறவரோடு மட்டும் போகாதீர்கள். அவருடைய தரகுக் காசு உங்கள் விலைக்குள்தான் இருக்கிறது. யப்பான் சந்தைக்குச் செய்த சில கமெராக்களில் மெனு யப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்றவே முடியாது. காசு கொடுக்கும் முன் கமெராவைப் போட்டு, மெனுவைத் திறந்து பாருங்கள்.

இனி அக்கா. பொதுவாக வெளிநாட்டில் வாங்கி வருவதை நான் வேண்டாம் என்பேன், பழுதானால் இங்கே வரண்டி செல்லாது என்று கைவிரித்துவிடுவார்கள். உங்கள் விடயம் கொஞ்சம் வேறு. கனடாவில் பெயருள்ள கடையில் வாங்கினால் போலி என்ற பயம் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அலை; கனடாவில் 60. இங்கே குழல் விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கமெராவுக்குத் தெரியும். கனடா அமைப்பிலேயே விட்டு இங்கே விளக்கொளியில் எடுத்தால், அம்மாவின் முகத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். எடுத்த பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. பொக்கெட் வகையில் மெனுவுக்குள் போய் 50 ஹேட்ஸ் என்று தெரிவுசெய்து, வேகத்தைச் செக்கனுக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் (படத்தில்) வைத்தால் முடிந்தது. சோனி இசட்வி-1 என்றால் மெனுவில் பால் (PAL) என்று, 50 ஹேட்ஸ் நாடுகளுக்கான தெரிவு இருக்கும். மாற்றும்போது காட்டை அழிக்கச் சொல்லும், எனவே எதையும் எடுப்பதற்கு முன்பே மாற்றுங்கள். ஹண்டிகாம் வகைகளில் நாட்டுக்கு நாடு நிலையாக அமைத்து வருபவை இருக்கின்றன, அவற்றை மாற்ற வழியில்லை. அதனால் அக்கா ஹண்டிகாமை மட்டும் கனடாவில் வாங்கவே கூடாது. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இடைஞ்சல் இல்லாமல் எடுப்பது பற்றி நீங்களே கேட்டது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. நல்லூரில் கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி இல்லை, கமெரா பைக்குள்ளேயே இருக்கட்டும். வெளிவீதியில் அம்மாவை எடுக்கலாம். அங்கப் பிரதட்டை செய்கிறவரையும் காவடிக்காரரையும் கிட்டப்போய் எடுக்காதீர்கள், அவர்கள் நேர்த்திக்கடன் செய்கிறார்கள். கமெராவைத் தலைக்கு மேலே தூக்கினால் பின்னால் நிற்கும் ஆச்சிக்குச் சாமி தெரியாது, நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். "பீப்" சத்தத்தை நிறுத்தி, திரை வெளிச்சத்தையும் குறைத்துவிடுங்கள். இலவசமாகத் தரும் எல்இடி விளக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. அங்கே இராணுவம் இருக்கிறது. மான்கள் வடிவாக நிற்கும், கை துறுதுறுக்கும். ஆனாலும் முகாமும் சிப்பாய்களும் படத்தில் விழக் கூடாது. ரயிலில் எதிரே இருப்பவரிடம் "அம்மாவை எடுக்கிறேன், நீங்களும் விழுவீர்கள், பரவாயில்லையா?" என்று முதலே கேட்டுவிடுங்கள். அநேகமாகச் சிரித்துக்கொண்டு தள்ளி இருப்பார். கதவில் தொங்கி எடுக்கவே வேண்டாம், ஜன்னலோரம் போதும்.

புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் வீட்டுக் குசினியில், இரவு விளக்கைப் போட்டு, அம்மா தேத்தண்ணி ஊற்றுவதைப் பத்து நிமிடம் எடுத்துப் பாருங்கள். பட்டை விழுகிறதா, குரல் கேட்கிறதா என்று பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். திருத்த வேண்டியது இருந்தால் அதற்கு நாளும் இருக்கும்.