பாலியில் இரவு டைவ்: எத்தனை லைட் வேண்டும், விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

பாலிக்குப் போகிறீர்கள், அங்கே துலாம்பென் கரையோரம் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பலில் முதல் இரவு டைவ். லைட்டை வாங்குவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா, எந்தப் பெட்டியில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளுக்கு இரண்டு லைட். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒன்று கையில், இன்னொன்று பி.சி.டி. (மிதப்பைச் சரிசெய்யும் காற்று ஜாக்கெட்) வளையத்தில் மாட்டியோ அதன் பாக்கெட்டிலோ. பெரிய லைட்டை அங்கே வாடகைக்கு எடுத்தாலும் சரி, இரண்டாவதை உங்களுடையதாகக் கொண்டுபோங்கள். வாடகை லைட்டை முந்தின இரவு யார் பயன்படுத்தினார்கள், அப்புறம் முழுதாகச் சார்ஜ் ஏறியதா என்பது உங்களுக்குத் தெரியாது. முதல் லைட் அணைந்தால் இரண்டாவதை எடுத்து, கூட வருபவருக்குக் காட்டி, டைவை அதோடு முடித்துக்கொண்டு மேலே வர வேண்டும். அது இருக்கும் தைரியத்தில் டைவைத் தொடரக் கூடாது. இந்த இரண்டாவது லைட் டபுள்-ஏ செல்லில் ஓடுவதாக இருந்தால் இன்னும் நல்லது. சார்ஜர் வீணானாலும் பெட்டிக்கடையில் செல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, எவ்வளவு வெளிச்சம்? கடைக்காரர்கள் 3000 லூமன், 5000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று காட்டுவார்கள். அவ்வளவு வேண்டாம். கையில் பிடிக்கும் லைட்டுக்கு 1000 லூமன் தாராளம், இரண்டாவதற்கு 300 இருந்தால் போதும். எண்ணைவிட ஒளிக்கற்றையின் அகலம்தான் முக்கியம். வீடியோவுக்கென்று செய்த 100 டிகிரி அகல லைட், தண்ணீரில் மிதக்கும் துகள்கள் அத்தனையிலும் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். ஊட்டி மலைப்பாதையில் மூடுபனிக்குள் ஹை பீம் போட்டது போல இருக்கும். 10 டிகிரி அளவில் குறுகலாக விழும் லைட்தான் கப்பலின் இரும்புத் தகடுகளுக்கு இடையே ஊடுருவிக் காட்டும், சைகை செய்யவும் வசதி. துலாம்பெனில் கரையும் அடித்தரையும் எரிமலையின் கறுப்பு மணலும் கல்லும்தான். வெள்ளை மணல் போல ஒளியைத் திருப்பித் தராது. அதனால் முதலில் ரொம்ப இருட்டாகத் தோன்றும், கண் பழகிவிடும். பதறி லைட்டைக் கூட்ட வேண்டாம்.

கூட்ட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கப்பலுக்குள் தூங்கும் மீன்கள். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கி, துலாம்பென் கரைக்கு இழுத்துவரப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் லிபர்ட்டி. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோதுதான் கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது. இன்று சுமார் 5 மீட்டரிலிருந்து 30 மீட்டர் ஆழம்வரை சாய்ந்து கிடக்கிறது. தலையில் புடைப்புள்ள பெரிய கிளிமீன்கள் அதற்குள் வந்து தூங்கும். அவற்றின் கண்ணில் பலத்த ஒளியை நேராக அடித்தால் மிரண்டு விழித்து இரும்பில் மோதிக்கொள்ளும். ஒளியின் ஓரம் மட்டும் மேலே படும்படி பிடியுங்கள், அதுவே பார்க்கப் போதும். லைட்டில் சிவப்பு ஒளியும் இருந்தால் இறால், நண்டு பக்கம் போகும்போது அதைப் போடுங்கள். அவை வெள்ளை ஒளிக்கு ஒளிவதைப் போல இதற்கு ஒளிவதில்லை.

இனி விமானம். தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். டைவ் லைட்டில் பரவலாக வரும் 18650 என்ற அளவு லித்தியம் செல் 3.6 வோல்ட், 3.4 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 12 வாட்-மணி. 100 வாட்-மணி வரை விமான நிறுவனத்திடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதற்கு வெகு கீழேதான் நாம் இருக்கிறோம். ஆனால் செல்லின் மேல் அச்சிட்ட எழுத்து உரிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் இந்த வாட்-மணி அளவை நிரூபிக்க முடியாது, அப்படிப்பட்ட பழைய செல்லை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு செல்லும் தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். சாவிக்கொத்து, சில்லறை எதுவும் முனையில் படக் கூடாது.

லைட்டுக்குள்ளும் செல்லை வைத்து அனுப்பாதீர்கள். பலமான டைவ் லைட்டுகள் தண்ணீரின் குளிர்ச்சியை நம்பிச் செய்யப்பட்டவை. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே சுவிட்ச் தற்செயலாக அழுந்தினால் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும். விமானப் பயண விதிகளில் டைவ் விளக்குகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருப்பது இதனால்தான். செல் இல்லாத வெறும் லைட்டை எந்தப் பெட்டியிலும் வைக்கலாம், நான் கைப்பையில்தான் வைப்பேன். மூடியை இறுக்காமல் விடுங்கள். ஊரில் அடைத்த காற்று மேலே போனதும் உள்ளிருந்து அழுத்தும்.

லைட்டோடு போக வேண்டிய சில்லறைச் சாமான்கள்: மாற்று ஓ-ரிங் (மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம்), கொஞ்சம் கிரீஸ் (ஓ-ரிங் சிலிகான் என்றால் சிலிகான் கிரீஸ் போடக் கூடாது, உப்பிவிடும்), மணிக்கட்டுக் கயிறு, சிலிண்டரில் கட்ட ஒரு சின்னக் கலர் எல்.இ.டி. கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள். லிபர்ட்டியில் மாலையில் பல குழுக்கள் இறங்கும், இருட்டில் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஒருமுறை ஒளிர்ந்து குப்பையாகும் குச்சிகள் வேண்டாம். இந்தோனேசியாவில் இரண்டு உருண்டைக் கம்பி ப்ளக்தான், நம் மூன்று கம்பி சார்ஜருக்கு அடாப்டர் தேவை.

கரையேறியதும் லைட்டைத் திறக்க அவசரப்படாதீர்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, உங்கள் தலையும் கையும் காய்ந்த பிறகு திறங்கள். முடியிலிருந்து சொட்டும் ஒரு துளி உப்புத் தண்ணீர் போதும், மறுநாள் இரவு அந்த லைட் எரியாது.