இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க்: பிராந்தியத் திட்டமிடல் எப்படி வேறுபடுகிறது? எது சிறந்தது?

நான் நகரத் திட்டமிடல் படித்தது ஜெர்மனியில். என் பதிலில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

சட்டங்களை வரிசையாக அடுக்கினால் தலைசுற்றல்தான் மிஞ்சும். ஊர் எல்லையில் ஒரு கோதுமை வயல், சொந்தக்காரர் அதில் ஐம்பது வீடுகள் கட்ட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கூடாது' என்று யார் சொல்வது? இந்தக் கேள்வியோடு நாடு நாடாகப் போய்ப் பார்க்கலாம்.

ஜெர்மனியில் அதைச் சொல்வது ஆள் அல்ல, வரைபடம். குடியிருப்புக்கு வெளியேயுள்ள நிலத்தில், விவசாயத் தேவை போன்ற சில விலக்குகள் தவிர, கட்டடம் எழும்ப முடியாது. ஊராட்சி புதிய கட்டடத் திட்டம் நிறைவேற்றினால் வயல் மனையாகும். ஆனால் அது மேலேயுள்ள பிராந்தியத் திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் பிராந்தியத் திட்டத்தையும் ஊராட்சிகளைக் கேட்காமல் மேலிருந்து திணிக்க முடியாது. இதை 'எதிரோட்டக் கொள்கை' என்பார்கள்.

ஊர்களையும் மேல்நிலை, இடைநிலை, அடிநிலை மையங்கள் எனத் தரம் பிரித்திருக்கிறார்கள். சின்ன ஊரின் நெடுஞ்சாலை ஓரத்தில் பிரம்மாண்டமான கடை வருவது கடினம். அதற்கு அந்த ஊருக்குத் தரம் போதாது. இதன் வேர் 1933-இல் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் தென் ஜெர்மனி ஊர்களை ஆராய்ந்து எழுதிய மைய இடக் கோட்பாடு. ஊர்களை அறுகோண வலையாக அடுக்கிய அவருடைய மாதிரி பின்னர் நாஜிகள் ஆக்கிரமித்த போலந்தின் குடியேற்றத் திட்டத்துக்கும் பயன்பட்டது. பாடத்தில் கோட்பாட்டை மட்டும் படித்துவிட்டு இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். 1947 சட்டத்துக்குப் பிறகு நிலம் உங்களுடையது, அதில் கட்டும் உரிமை அரசினுடையது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உள்ளூர் மன்றம் தனியாக எடைபோடும். திட்டத்துக்கு முதலிடம் உண்டு என்றாலும் தக்க காரணம் இருந்தால் அதை மீறலாம். மறுத்தால் மேல்முறையீடு. வளைந்துகொடுக்கும் முறைதான், ஆனால் வயலின் கதி என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

இந்த நான்கு நாடுகளில் எனக்கு மிகவும் சுவாரசியமானது பிராந்திய மட்டத்துக்கு நேர்ந்த கதி. இங்கிலாந்து 2004-இல், பல மன்றங்களுக்கும் பொதுவான திட்டங்களான பிராந்திய வியூகங்களைச் சட்டமாக்கியது. 2011-இல் வேறோர் அரசு அவற்றை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. லண்டனுக்கு மட்டும் மேயரின் திட்டம் நிலைத்தது. மற்ற இடங்களில் அக்கம்பக்கத்து மன்றங்கள் 'ஒத்துழைக்கக் கடமைப்பட்டவை' என்று எழுதிவைத்தார்கள். வீடு யார் எல்லையில் வருவது என்ற சண்டை இருக்கும்போது ஒத்துழைப்பு எங்கிருந்து வரும்?

டென்மார்க்கும் 2007-இல், பிராந்தியத் திட்டம் போட்டுவந்த மாவட்டங்களைக் கலைத்தது. ஆனால் கோபன்ஹேகனின் 'விரல் திட்டம்' சாகவில்லை. 1947-இல் வரைந்த உள்ளங்கையும் ஐந்து விரல்களும் அது: விரல்கள் ரயில் பாதைகள், இடுக்குகள் பசுமை. கலைத்த கையோடு அரசு அதைத் தேசியக் கட்டளையாக்கிவிட்டது. பெரிய அலுவலகம் என்றால் ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் என்ற விதியும் அதில் உண்டு. நம் வயல் இடுக்கில் இருந்தால் பேச்சே கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தைக் கேட்டால், 1999-இல் போட்ஸ்டாமில் இடத் திட்டமிடல் பற்றி ஓர் ஆவணம் ஏற்றார்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது.

பிரான்சில் ஏறக்குறைய 35,000 கம்யூன்கள், அதாவது நம் ஊராட்சி போன்ற உள்ளாட்சிகள். பெரும்பாலான இடங்களில் கட்டட அனுமதியில் கையெழுத்திடுபவர் மேயர். தனக்கு வாக்களித்த அண்டை வீட்டுக்காரருக்கு அவர் எப்படி 'கூடாது' என்பார்? ஆகையால் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பல கம்யூன்களைச் சேர்த்துத் திட்டமிட வைத்தது. 2021 சட்டமோ 2050-க்குள் நிகர அளவில் புதிய நிலத்தை விழுங்கக் கூடாது என்றது. கிராமத்து மேயர்கள் கொதித்தெழுந்தார்கள். 2023-இல் அரசு இறங்கிவந்து, திட்டம் வைத்திருக்கும் கம்யூனுக்குத் தலா ஒரு ஹெக்டேரையாவது உறுதிசெய்தது. நம் ஐம்பது வீடுகளுக்கு அந்த ஒரு ஹெக்டேர் இடுக்கமாகத்தான் இருக்கும்.