அப்பாவிடமிருந்து கார் சாவியை வாங்கி வைக்கலாமா?

வணக்கம் சகோ. 72 வயது அப்பாவுக்கு இரவில் எதிரே வரும் வண்டி லைட் கண்ணைக் கூசுகிறது, சாவியை வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்புரை இருந்தாலும் இப்படிக் கூசும். ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை இருட்டினால் வண்டி எடுப்பதில்லை என்ற முடிவை அவர் வாயாலேயே வரவழையுங்கள், நீங்கள் சொன்னால் வீம்புக்கே எடுப்பார்! பகலில் பழகிய தெரு, கோயில், மார்க்கெட் என்று ஓட்டட்டும். மழையும் பைபாஸும் வேண்டாம். ராங் சைடில் வரும் பைக்கைப் பார்த்து இளவட்டங்களே திணறுகிறார்கள். அப்புறம், தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா? அதையும் டாக்டரிடம் கேளுங்கள். இந்த வயதில் லைசென்ஸை 5 ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிப்பார்கள், மருத்துவச் சான்றும் கேட்பார்கள். காலாவதி தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.