கறி இருந்த இடத்தில் சோற்றை வைக்காதீர்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அசைவத்தை விட்டு மூன்று மாதமாகிறது. மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டும் நாலு மணிக்குள் பசி வந்துவிடுகிறது. எடையும் ஏறுகிறது. சைவம் எனக்கு ஒத்துவரவில்லையா? – வாசகி, நாமக்கல்

பதில்: தட்டிலிருந்து கறியை எடுத்தீர்கள், அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு வந்து உட்கார்ந்துவிட்டது. புதிதாகச் சைவத்துக்கு மாறும் பலருக்கும் நடப்பதுதான். சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கும். ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு எவ்வளவு? வீட்டுச் சாம்பாரானால் 15–20 கிராம். புரதம் வெறும் 4 கிராம். ரசம், வத்தக்குழம்பு நாளில் அதுவும் கிடையாது. புரதம் குறைவதால் பசி சீக்கிரம் வருகிறது, சோறு கூடுவதால் எடை ஏறுகிறது; குறை சைவத்தில் இல்லை.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) கணக்குப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ என்றால் நாளுக்கு 50 கிராம். காலையில் இட்லிக்குப் பதில் வாரம் மூன்று நாள் அடை ஊற்றுங்கள். ஆளுக்கு 50 கிராம் பருப்பு, 50 கிராம் அரிசி. மதியச் சோற்றை 100 கிராம் அரிசியோடு நிறுத்திக்கொண்டு, காராமணியோ கொண்டைக்கடலையோ உலர்ந்த எடையில் 40 கிராம் பொரியலாக, சுண்டலாக வையுங்கள். சாம்பாரோடு 200 மில்லி தயிர். மாலையில் வேர்க்கடலை ஒரு கைப்பிடி, இரவு இரண்டு சப்பாத்தி, ஒரு டம்ளர் பால். 50 கிராமைத் தாண்டிவிடும். பால், தயிர் வேண்டாமென்றால் பருப்பையும் பயறையும் கூட்டியே ஆகவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில்தான் சாப்பிட வேண்டும்.

கேள்வி: மீல் மேக்கர் எப்படிச் செய்தாலும் ஒரு வாடை. உள்ளே சப்பென்று இருக்கிறது. – வாசகர், ஈரோடு

பதில்: கொதிக்கும் குழம்பில் உலர்ந்த உருண்டையை அப்படியே போட்டிருப்பீர்கள். அது குழம்பைக் குடித்துவிடும், வாடையும் போகாது. நாலு பேருக்கு 100 கிராம் போதும். அரை ஸ்பூன் உப்புப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, உருண்டைகளைப் போட்டுப் பத்து நிமிடம் மூடுங்கள். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழியுங்கள். முதலில் வெள்ளையாக, நுரையோடு வரும். தெளிந்த நீர் வரும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். வாடை போவது இந்த இடத்தில்தான். இதைச் செய்யாமல் எவ்வளவு மசாலா போட்டாலும் வீண். பிறகு தயிர், உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுதில் 20 நிமிடம் ஊறட்டும். எண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்துக் கடைசியில் குழம்பில் சேருங்கள். சுக்கா ருசிக்கு ஏங்குபவர்கள் சோம்பு, மிளகு, சின்ன வெங்காயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

கேள்வி: பயறு சாப்பிட்டாலே வாயு. – வாசகர், பெயர் வேண்டாம்

பதில்: பயறில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் நொதிக்கின்றன. கொண்டைக்கடலையைப் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நசுங்கும் பதத்துக்கு வேகவையுங்கள். சோடா உப்பு வேண்டாம், பி1 வைட்டமின் அழியும். முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். பாசிப்பருப்பில் தொடங்கினால் தொந்தரவு குறைவு.

கேள்வி: வடலூர் போய்வந்த பிறகு அப்பா புலாலை அடியோடு விட்டுவிட்டார். சில ஆண்டுகளாகின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். இப்போது பாதம் மரத்துப்போகிறது என்கிறார். – வாசகி, விருத்தாசலம்

பதில்: சர்க்கரையால்தான் என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம், பி12 குறைந்தாலும் பாதம் இப்படித்தான் மரத்துப்போகும். கல்லீரலில் இந்த வைட்டமின் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாக இருப்பதால், அசைவத்தை விட்டவுடன் குறை தெரியாது, மெல்லத்தான் தலைகாட்டும். மெட்ஃபார்மினும் பி12-ஐக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். ரத்தத்தில் பி12 அளவு பார்க்கச் சொல்லி இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்; நரம்புச் சேதம் நாள்பட்டால் முழுதாகத் திரும்பாது. சர்க்கரை மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிப் போடுவதும் ஆபத்து: ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

கீரையிலோ பருப்பிலோ பி12 கிடையாது. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வகை. சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. நாளுக்கு அரை லிட்டர் அளவுக்கு உள்ளே போகவேண்டும். அதுவும் ஆகாதவர்களுக்கு மாத்திரைதான்.

கேள்வி: பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இருக்காதா? – வாசகர், சேலம்

பதில்: இருக்காது. நம் நாட்டு விதிப்படி முட்டை அசைவக் கணக்கு. பால், தேன் சைவம். ஆனால் இந்த விதி உணவுப் பொட்டலத்துக்கானது, மருந்துக்கு அல்ல. மருந்துக் கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாடு, பன்றி போன்ற விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. வேண்டாமென்றால் அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று மருத்துவரிடமே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.