கவலைப்பட்டால் சர்க்கரை உயருமா?

கேள்வி: அளவாக உண்டு, நாள்தோறும் நடந்தும், அலுவலகக் கவலை மிகுந்த வாரங்களில் எனக்கு இரத்தச் சர்க்கரை உயர்கிறதே, ஏன்?

பதில்: கவலை நீடிக்கும்போது அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கக்கூடும், அது கல்லீரலிலிருந்து குளுக்கோஸை இரத்தத்தில் கலக்கச் செய்வதோடு இன்சுலினின் செயல்திறனையும் குறைப்பதால், உணவில் மாற்றமில்லாத நாள்களிலும் சர்க்கரை உயரலாம். தூக்கமும் கெட்டால் பசி கூடி, இனிப்பின் மீது நாட்டம் எழும்; இதை மன உறுதிக் குறைவு என்று பழிப்பது, என் பார்வையில், நியாயமன்று. நடைப்பயிற்சியை அவ்வாரங்களிலும் விட்டுவிடாதீர்கள்; இயங்கும் தசைகள் இன்சுலினை அதிகம் சாராமலேயே குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உயர்வு தொடர்ந்தால், அளவுகளைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.