கவிழ்த்து வைத்த வாளி

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். எனக்கு வயது 64. மூன்று பாத்ரூமிலும் வெஸ்டர்ன்தான் என்று மகனும் இன்ஜினியரும் முடிவு செய்துவிட்டார்கள். ஒன்றாவது நம் பழைய முறைப்படி குத்தவைத்து உட்காரும்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. குந்தி உட்கார்ந்த காலத்தில் நம் ஆட்களுக்கு மலச்சிக்கல் கிடையாது, மூலம் கிடையாது, வெஸ்டர்ன் வந்தபிறகுதான் குடல் புற்றுநோயே வந்தது என்று ஒருவர் பேசிய வீடியோவைப் பார்த்தேன். மகனிடம் காட்டினால் சிரிக்கிறான். அவன் போனோடு உள்ளே போனால் அரைமணி நேரம் ஆகிறது. மனைவிக்கு மூட்டுவலி, அவளுக்கு எதுவானாலும் சரிதான். உடம்புக்கு எது நல்லது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

இரா., திருப்பூர்

*

அன்புள்ள இரா.,

நான்கு மாதத்துக்கு முன் அம்மாவின் அறையைக் காலி செய்தபோது, பாத்ரூம் மூலையில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய மணைப்பலகையை எடுத்துத் துடைத்தேன். அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்போது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த வீடியோவை முடித்துவிடுகிறேன். நம் ஆட்களுக்கு மூலமே இருந்ததில்லை என்றால் சித்த மருத்துவத்தில் மூலத்தை 21 வகையாக ஏன் பிரித்து வைத்தார்கள்? கமோடு என்ற சொல்லையே கேட்டிராதவர்களுக்கு வந்த நோய் அது. கருணைக்கிழங்கும் துத்தி இலையும் யாருக்காக வீட்டு வைத்தியத்துக்கு வந்தன? உட்காரும் விதத்தால் குடல் புற்றுநோய் வருகிறது என்று யாரும் நிறுவியதில்லை. வயது, குடும்பத்தில் முன்பு யாருக்காவது வந்திருப்பது, புகை, மது, உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி, இவைதான் தெரிந்த காரணங்கள். இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட வீடியோவைப் பார்த்தவர்தான் மலத்தில் ரத்தம் வந்தாலும் 'உட்காரும் முறை சரியில்லை, மூலமாக இருக்கும்' என்று ஒரு வருஷம் சும்மா இருந்துவிடுவார். ரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், பல வருஷப் பழக்கம் திடீரென்று மாறினால், பேஸினைப் பற்றி யோசிக்காமல் டாக்டரிடம் போங்கள். அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மகனின் போன். பாஸ்டனில் 125 பேரிடம் ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டார்கள். கழிவறைக்குள் போன் பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. அவரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் உங்கள் கட்சியில் உண்மை இல்லாமல் இல்லை. விளாத்திகுளம் பக்கத்து எங்கள் ஊரில், நான் சிறுவனாக இருந்தபோது, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலை ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் இழுக்க இழுக்கக் கூனை என்கிற பெரிய வாளி நிறையத் தண்ணீர் மேலே வரும். கூனையின் அடியில் நீளமாக ஒரு தோல்வால். அதை மேல்பக்கமாக மடக்கிப் பிடித்திருப்பது வால்கயிறு. கயிறு இறுக்கமாக இருக்கிறவரை தண்ணீர் உள்ளேயே நிற்கும். கூனை மேலே வந்ததும் கயிறு தளரும், மடங்கிய வால் நீளும், தண்ணீர் தன்பாட்டில் தொட்டியில் கொட்டும். கூனையை யாரும் அமுக்கிப் பிழிவதில்லை.

உடம்பிலும் அப்படி ஒரு வால்கயிறு இருக்கிறது. இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் புறப்பட்டு, மலக்குடலின் பின்னால் சுற்றி, மறுபடி முன்னாலேயே வந்து சேரும் ஒரு தசை. நிற்கும்போதும் நடக்கும்போதும் அது குடலை முன்னோக்கி இழுத்து மடக்கியே வைத்திருக்கும். நாம் நாலுபேர் நடுவில் மானத்தோடு இருப்பது அதன் தயவில்தான். குத்தவைத்து உட்கார்ந்தால் அது நன்றாகத் தளர்ந்து, மடிப்பு நிமிர்கிறது. நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தால் பாதிதான் தளரும். மீதியை முக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். 2003-ல் இஸ்ரேலில் 28 பேரை மூன்று விதமாக உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார்கள். குந்தினால் சராசரி 51 விநாடி. 31, 32 செ.மீ. உயரமுள்ள தாழ்ந்த இருக்கையில் 114 விநாடி. நம் வீடுகளில் இருப்பதுபோன்ற 41, 42 செ.மீ. உயரத்தில் 130 விநாடி. ஆகவே மகனிடம் நீங்கள் வாதாடியதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இனி என் அம்மா.

அப்பா போனபிறகு, 72 வயதில், சென்னைக்கு என்னோடு இருக்க வந்தாள். நாலடி ஒன்பது அங்குல உயரம். இரண்டு முழங்காலும் தேய்ந்திருந்தன. ஊரில் கடைசி இரண்டு வருஷம், சுவரில் அடித்த ஆணியில் கயிறு கட்டி, அதைப் பிடித்துத்தான் குத்தவைத்து எழுந்திருக்கிறாள். என் அடுக்குமாடி வீட்டில் வெஸ்டர்ன் இருக்கிறது, இனி அம்மாவுக்குக் கஷ்டமில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். மூன்று மாதத்தில் மலச்சிக்கல் ஆரம்பித்தது. இசப்கோல் வாங்கினேன், கடுக்காய்ப் பொடி வாங்கினேன், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வாங்கினேன், பிறகு சிரப். இரவுச் சாப்பாட்டை அவள் அரை தோசையாகக் குறைத்துவிட்டாள். 'பசிக்கலைய்யா' என்பாள். உள்ளே போவதைக் குறைக்கத்தான் சாப்பாட்டைக் குறைத்தாள் என்பது எனக்குப் புரியவில்லை. பொழுது விடியுமுன் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை என்று காட்டுப்பக்கம் போய்வந்து, நடுவில் அடக்கியே பழகிய தலைமுறை அது. அடக்க அடக்க உள்ளே நீர் வற்றி மலம் கல்லாகும், வருகிறது என்று சொல்லும் உணர்ச்சியும் மழுங்கும். ஆண்பிள்ளையிடம் அவள் இதையெல்லாம் எந்த வாயால் சொல்வாள்?

அதே சமயத்தில் வீட்டில் இன்னொரு தகராறு. குளிக்கப் போகும்போதெல்லாம் வாளி கவிழ்ந்து கிடக்கும். கமோடுக்குப் பக்கத்தில், அடிப்பக்கம் மேலே பார்க்க. நான் நிமிர்த்தி வைப்பேன். மறுநாளும் கவிழ்ந்திருக்கும். 'ஏம்மா வாளியப் போட்டு இப்படிக் கவுத்துற?' என்று சத்தம் போட்டிருக்கிறேன், ஒருநாள் அல்ல, பல நாள். அவள் பதிலே சொன்னதில்லை. வயதாகிவிட்டது, ஏதோ மறதி என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காதான் ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னார்: 'சார், அம்மாவுக்குக் கால் தரையில எட்டலை. அதான் வாளி மேல கால வச்சுக்கிறாங்க. நேத்து வழுக்கிடுச்சு. உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க.'

அன்று அந்த கமோடின் எதிரில் போய் வெகுநேரம் நின்றேன். சீட்டோடு சேர்த்து 42 செ.மீ. அம்மாவின் குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 37 செ.மீ. ஐந்து செ.மீ. அந்தரத்தில் காலைத் தொங்கவிட்டு, விழுந்துவிடாமல் இருக்கத் தொடையையும் இடுப்பையும் இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தபடி ஒரு கிழவி தினமும் உட்கார்ந்திருக்கிறாள். உடம்பைத் தாங்கவே இடுப்புத் தசை இறுகிக் கிடந்தால் வால்கயிறு எப்படித் தளரும்? இந்த ஐந்து செ.மீ.க்குத்தான் ஒரு வருஷம் பேதி மருந்து கொடுத்திருக்கிறேன். எந்த டாக்டரும் 'எப்படி உட்காருகிறீர்கள்' என்று அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படிக்காத அந்த மனுஷி தனக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். நான் தினமும் அதைப் பிடுங்கி நேராக வைத்திருக்கிறேன்.

தச்சரை வரவழைத்து, ஏழு அங்குல உயரத்தில், கமோடின் அடிப்பாகத்தை ஒட்டி நிற்கும்படி வளைவு வெட்டிய பலகை ஒன்று செய்யச் சொன்னேன். நாலு காலிலும் ரப்பர். பாதம் முழுதும் பதிய வேண்டும், முன்விரல் மட்டும் பட்டால் போதாது. முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே நிற்கும். முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் முக்கவே வேண்டாம், மூச்சை அடக்கவும் வேண்டாம். வயதானவர்கள் மூச்சடக்கி முக்கும்போது ரத்த அழுத்தம் ஏறி இறங்கி மயங்கி விழுவது உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 52 பேர் நாலு வாரம் குறிப்பெடுத்தார்கள், பாதி நாள் பலகை இல்லாமல், பாதி நாள் பலகையோடு. 2019-ல் அது வெளிவந்தது. 71 சதவீதம் பேருக்கு நேரம் குறைந்தது, 90 சதவீதம் பேர் முக்குவது குறைந்தது என்றார்கள். அம்மாவுக்கு அந்த வாரமே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். தண்ணீர் குடிக்க வைக்க வேண்டியிருந்தது. கீரையும் கொய்யாவும் வேண்டியிருந்தது. காலையில் காப்பி குடித்துக் கால்மணி நேரத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில் வேறு யாரும் பாத்ரூமுக்குள் இருக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆனால் தினசரி மாத்திரை எப்போதாவது ஒன்று என்றாகிவிட்டது. இரவில் இரண்டு தோசை சாப்பிட்டாள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் என்ன நினைக்கிறான், இன்ஜினியர் என்ன முடிவு செய்தார், யாரோ ஒருவர் வீடியோவில் என்ன பேசினார், எல்லாம் இருக்கிறது. மூட்டுவலி இருப்பவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர். அவருக்கு எதுவானாலும் சரிதான் என்று அரை வரியில் தள்ளிவிட்டீர்கள். அப்படி அவர் சொன்னாரா, நீங்களே சொல்லிக்கொண்டீர்களா? சொல்லியிருந்தாலும் நம்பாதீர்கள். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் சொன்னாள். குந்துவதா, உட்காருவதா என்று அப்பாவும் மகனும் மல்லுக்கட்டுகிறீர்கள். மூட்டு தேய்ந்த ஒரு பெண்ணுக்கு இரண்டுமே சித்திரவதையாகலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்கு முழங்கால் நன்றாக இருந்தால் தாராளமாக ஒன்றை இந்தியனாகக் கட்டுங்கள். பக்கச்சுவரில் உறுதியான கைப்பிடி வையுங்கள், இன்னும் பத்து வருஷத்தில் தேவைப்படும். இரண்டுக்கும் பொதுவாக ஆங்கிலோ இந்தியன் போடலாமே என்று கடைக்காரர் சொல்வார், வேண்டாம். ஈரக்காலோடு அந்த விளிம்பில் ஏறுவது வயதானவர்களுக்கு ஆகாது.

உங்கள் மனைவியின் அறையில் சுவரில் தொங்கும் மாடலைப் பொருத்துங்கள். தரையில் நிற்பது கம்பெனி வைத்த உயரம்தான். சுவரில் மாட்டுவதன் உயரத்தைப் பொருத்தும்போது நாம் தீர்மானிக்கலாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே பிளம்பரிடம் சொல்லிவிட வேண்டும். ரொம்பத் தாழ்ந்துபோனால் மூட்டுவலிக்காரருக்கு எழுந்திருப்பது பாடு, அதனால் அவரையே ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லி, வலிக்காத உயரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த உயரத்தில் கால் எட்டவில்லை என்றால் பலகை. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே யாராவது விழுந்தால் தள்ளித் திறக்க முடியாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தப் பலகை ஆகாது. முட்டி இடுப்பைவிட மேலே போகக் கூடாது என்று சொல்லி, இருக்கையை உயர்த்தித்தான் வைக்கச் சொல்வார்கள். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அறுவை செய்த டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

இன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். ஏன் என்று கேட்டால் ஏன் என்று சொல்லுங்கள், மழுப்பாதீர்கள். குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு அளங்கள்.